பிளான் பேப்பரும் பேங்க் ஸ்டேட்மென்டும்

ஓசூரில் கணக்கும் வரித் தாக்கலும் பார்க்கிற எங்கள் மேசைக்குக் கிரிப்டோ 'காயின்' வந்து சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சிப்காட் கம்பெனிக்காரர்கள் ரிட்டர்ன் போட வரும்போதும், பாகலூர்ப் பக்கம் ரோஜா பயிரிடுகிறவர்கள் கடனுக்காகக் கணக்குக் காட்டும்போதும், பர்கூர் ஜவுளி வியாபாரிகள் பேங்க் ஸ்டேட்மென்டை நீட்டும்போதும், நடுவில் விளங்காத ஒரு வரவோ பற்றோ தட்டுப்படும். கேட்டால் "அது காயின்ல போட்டது சார்" என்பார்கள். கையோடு, "இந்தக் காயின் நல்லதா, ஏமாத்தா?" என்றும் கேட்பார்கள். இதற்கு விடை தேடிக் காயினின் தொழில்நுட்பத்தைப் படிக்க உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். இத்தனை பேருடைய காகிதங்களைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: ஆள் சேர்த்து ஓடும் எந்தத் திட்டத்திலும் மோசடி இருக்கும் இடம் பிளான் பேப்பர். அதில் எழுதிய பணத்தை உரிய நாளில் ரூபாயாகத் தராமல் தள்ளிப்போடுவதற்குத்தான் காயின். இதைப் பிடித்துக்கொண்டால் பிளாக்செயின் பற்றி ஒன்றும் தெரியாதவரும் இந்தத் திட்டங்களை இனம் காணலாம்.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே விழுந்த திட்டங்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். திருப்பூரில் 2009-ல் வெளிச்சத்துக்கு வந்த பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி ஏறத்தாழ 930 கோடி ரூபாய் திரட்டியது. பெருந்துறை சுசி ஈமு பண்ணை 2012-ல் சரிந்தது. 2022-ல் வழக்கான ஆருத்ரா கோல்டு டிரேடிங் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி சொல்லி 2,400 கோடிக்கும் மேல் வசூலித்தது. ஒன்றில் டாலர், ஒன்றில் பறவை, ஒன்றில் தங்கம். ஆனால் மூன்றிலும் மாதம் பிறந்தால் முதலீட்டாளர் கையில் ரூபாய் விழ வேண்டும். விழாத மாதமே செக் திரும்பியது, ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர்ந்தது, போலீஸ் வந்தது. நடத்தியவர்களுக்கு இருந்த ஒரே பலவீனம் அந்தத் தேதிதான். காயின் அந்தப் பலவீனத்தை நீக்கிவிட்டது. கொடுக்க வேண்டிய பணத்தைத் தாங்களே அச்சடித்துக் கொடுக்கலாம். போனில் பேலன்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும்வரை யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை.

இந்தியாவின் மிகப் பெரிய கிரிப்டோ வழக்குகளில் ஒன்றே இதற்குச் சாட்சி. அமித் பரத்வாஜ் 2015-ல் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டத்தில், பிட்காயினைக் கொடுத்தால் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் பிட்காயினாகவே திரும்பி வரும் என்பது வாக்குறுதி. ஒன்று கொடுத்தால் ஒன்றே முக்கால் காயினுக்கு மேல். மைனிங் இயந்திரங்கள் சம்பாதித்துத் தரும் என்றார்கள். கொடுத்து மாளாத கட்டம் வந்ததும், பிட்காயினுக்குப் பதில் எம்கேப் என்ற தங்கள் சொந்த டோக்கனைக் கொடுத்தார்கள். கணக்குப்படி பாக்கி தீர்ந்தது, ஆனால் கையில் வந்தது விலைபோகாத சரக்கு. பரத்வாஜ் 2018-ல் கைதானார், 2022-ல் இறந்தும் போனார். வழக்கு சிபிஐ கையில் இன்னும் நடக்கிறது. ரூஜா இக்னாடோவா 2014-ல் தொடங்கிய ஒன்காயினுக்கோ உண்மையான பிளாக்செயினே இல்லை என்று அமெரிக்க அரசுத் தரப்பு காட்டியது. விலையை நிறுவனமே எழுதிக்கொண்டது, விற்கும் சந்தையும் நிறுவனத்துடையதே. அந்தச் சந்தையை 2017 தொடக்கத்தில் மூடினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் அவர் காணாமல் போனார். சூரத்தைச் சேர்ந்த சதீஷ் கும்பானி நிறுவியதாக அமெரிக்கக் குற்றப்பத்திரிகை சொல்லும் பிட்கனெக்ட்டும் முதலீட்டை பிட்காயினாக வாங்கிக்கொண்டு சொந்தக் காயினாக மாற்றியது, நாளுக்குச் சராசரி 1 சதவீதம் காட்டியது, 2018 ஜனவரியில் கடையை மூடியது. தினம் 1 சதவீதம் கூட்டுவட்டியில் ஒரு லட்சம் ஓராண்டில் 37 லட்சத்தைத் தாண்டும், மூன்றாம் ஆண்டு முடிவில் 500 கோடியைத் தாண்டும். அந்தப் பணத்தைத் தர உலகில் எந்தத் தொழிலும் இல்லை.

பிளான் பேப்பருக்கு வருவோம். 'பிளான் காட்டுவது' என்றுதான் இங்கே சொல்வார்கள். லாட்ஜ் ஹாலிலோ, யார் வீட்டு மாடியிலோ, இப்போது ஜூம் மீட்டிங்கிலோ காட்டுகிற படங்கள்தான் அது. புழக்கத்தில் இருப்பவற்றின் சாயலில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு லட்சம் போட்டால் மாதம் 10 சதவீதம், 20 மாதம். நேரடியாக ஆள் சேர்த்தவருக்கு 10 சதவீதம். அவருக்கு மேலே உள்ள நான்கு லெவலுக்கு 4, 3, 2, 1. கார், துபாய் டூர் என்று லீடர்களுக்கு 5. ஆக, உள்ளே வந்த ஒரு லட்சத்தில் 25,000 அன்றைக்கே வெளியே போய்விட்டது. மிச்சம் 75,000. அதிலிருந்து மாதம் 10,000 கொடுத்தால் ஏழரை மாதம் தாங்கும். வேறு எந்தச் செலவும் இல்லை என்றால்தான் அதுவும். எட்டாவது மாதம் கொடுப்பதில் பாதியும், ஒன்பதாவது மாதம் முதல் முழுத் தொகையும் இன்னொருவர் போட்ட பணம். மீதமுள்ள ஒன்றே கால் லட்சத்தை ஈடுகட்ட, ஆளுக்கு 75,000 மிஞ்சும் கணக்கில் இவருக்குப் பின்னால் இரண்டு பேராவது வர வேண்டும். அந்த இருவருக்கும் ஆளுக்கு இரண்டு லட்சம் பாக்கி தொடங்கும். இந்தக் கணக்கைப் போட ஒரு கால்குலேட்டர் போதும். காயின் எந்தச் சங்கிலியில் ஓடுகிறது, யார் உருவாக்கினார்கள் என்பது எதுவும் இதற்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"ஆறு மாசம் கரெக்டா வந்துச்சே சார்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் மறுப்பு. அதைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஸ்டேட்மென்டில் வரவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மேலே போட்ட கணக்குப்படி, முதல் ஏழு மாதம் ஒழுங்காக வருவதற்கு எந்த வருமானமும் தேவையில்லை, போட்டவரின் சொந்தப் பணமே போதும். ஒழுங்காக வந்தது என்பது திட்டம் நல்லது என்பதற்கு ஆதாரமாகாது. மோசமான திட்டமும் அந்த மாதங்களில் அப்படித்தான் நடக்கும். அந்த ஏழு மாதத்தில்தான் அவர் பி.எஃப். அட்வான்ஸ் எடுத்து இரண்டாவது ஐடி போடுகிறார், மனைவி பேரில் ஒன்று போடுகிறார், ஷிஃப்டில் பக்கத்து மிஷின்காரரையும் இழுக்கிறார்.

'லெஃப்ட், ரைட்' என்று ஆளுக்கு இருவரைச் சேர்க்கச் சொல்லும் பைனரி பிளானை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கீழே 2, பிறகு 4, 8 என்று போனால் இருபதாவது லெவலில் 10 லட்சத்து 48 ஆயிரம் பேர் வேண்டும். மேலிருந்து கூட்டினால் ஏறத்தாழ 21 லட்சம். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகையே 18.8 லட்சத்தைத் தாண்டவில்லை, கைக்குழந்தைகள் உட்பட. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த மரம் எந்த லெவலில் நின்றாலும் அதில் உள்ளவர்களில் பாதிப் பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். யாரையும் சேர்க்காதவர்கள் அவர்கள். திறமையில்லாததால் தோற்றவர்கள் என்று லீடர்கள் அவர்களைத் திட்டுவார்கள். எல்லாருமே திறமைசாலிகளாக இருந்தாலும் பாதிப் பேர் கடைசி வரிசைதான். நம் ஊர்ச் சீட்டோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். 20 பேர், 20 மாதம், ஆளுக்கு ஒருமுறை எடுப்பார். 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டில் நடத்துபவரின் கமிஷனுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பும் உண்டு. உள்ளே வந்த பணம்தான் வெளியே போகிறது, இருபத்தொன்றாவது ஆளுக்குத் தேவையே இல்லை. சீட்டிலும் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சீட்டின் கணக்கு முடிகிற கணக்கு. காயின் பிளானின் கணக்கு முடிகிற கணக்கே இல்லை.

இனி பேங்க் ஸ்டேட்மென்ட். எங்கள் தொழிலில் இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மைனிங்கிலோ டிரேடிங்கிலோ லாபம் ஈட்டிப் பங்கு தரும் நிறுவனம் என்றால் வரவு அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து, அதன் பெயரில் வர வேண்டும். இந்தத் திட்டங்களில் அப்படி வருவதில்லை. ஒரு மாதம் யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ, அடுத்த மாதம் வேறொரு மாநிலத்துக் கணக்கு, அதற்கடுத்த மாதம் ஏதோ டிரேடர்ஸ். உறுப்பினரைக் கேட்டால் 'பி2பி', ஆளுக்கு ஆள் நேரடியாக மாற்றுவது என்பார். இதன் இன்னொரு வடிவம் 'டாப்-அப்'. புதிதாகச் சேருகிறவர் கம்பெனிக்குப் பணம் கட்டுவதில்லை, தன்னைச் சேர்த்த அப்லைனிடம் ரொக்கமாகக் கொடுக்கிறார். அப்லைன் தன் ஆப்பில் இருக்கும் பேலன்ஸை அவருடைய ஐடிக்கு மாற்றி ஆக்டிவேட் செய்துவிடுகிறார். இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அப்லைனுக்குக் கம்பெனி தர வேண்டிய பாக்கியைப் புதியவர் ரொக்கமாகத் தீர்த்துவிட்டார். பாக்கி இப்போது புதியவர் தலையில். கம்பெனி ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, கொடுக்கவில்லை, பேங்கில் தடயமும் இல்லை. 'வித்ட்ரா ஆகுது' என்று லீடர்கள் காட்டும் நோட்டுக் கட்டில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். யுபிஐயில் பணம் வந்தவர்களுக்கு வேறு ஆபத்து: அனுப்பிய கணக்கு எங்கோ ஒரு சைபர் மோசடியில் சிக்கியிருந்தால், பெற்றவரின் சம்பளக் கணக்கையும் வேறு மாநிலப் போலீஸ் முடக்கச் சொல்லிவிடும்.

இந்தப் பக்கம் இது ஏன் இவ்வளவு வேர் பிடிக்கிறது என்பதற்குப் பேராசை என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாக ஏற்க நான் தயாரில்லை. ஓசூர், சூளகிரி, பர்கூர் சிப்காட்டுகளில் காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவருக்கு அடுத்த ஆண்டு வேலை நிச்சயமில்லை. நிரந்தர ஊழியராக இருந்து வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கோ கிராஜுவிட்டி, பி.எஃப். என்று ஒரே நாளில் பெரிய தொகை கையில் வருகிறது, அதை எங்கே வைப்பதென்று சொல்ல ஆளில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே கேன்டீனில் பழகியவர்கள். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், வேலையில் தமிழ் என்று பேசும் ஊரில் ஒருவருக்குக் கீழே சேருகிறவர்களின் வரிசையான டவுன்லைன் மூன்று மொழியில் இறங்கும். எல்லை இதற்கு இன்னொரு வசதி. ஆபீஸ் முகவரி பெங்களூரில், மீட்டிங் ஓசூரில், பணம் போன கணக்கு வேறெங்கோ. கேரளத்தில் 2020-ல் வழக்கான மோரிஸ் காயின் நிறுவனத்துக்கும் பெங்களூரு முகவரிதான், புகார்கள் கிளம்பியதோ மலப்புரத்திலும் கண்ணூரிலும். அதில் நாளுக்கு 3 முதல் 5 சதவீதம் என்று சொல்லி வசூலித்ததாக அமலாக்கத் துறை கூறியது. ஜூஜூவாடியைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் போனால் போலீஸ் வேறு, முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வேறு. எந்த ஸ்டேஷனில் சொல்வது என்று அலைவதிலேயே மாதங்கள் ஓடிவிடும், அந்த மாதங்கள்தான் நடத்துபவருக்கு வேண்டியவை.

எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. "பிட்காயினையும் இப்படித்தான் மோசடி என்றீர்கள், இன்று அதன் விலை என்ன?" என்பது. பிட்காயின் விலை ஏறியது உண்மை, ரிசர்வ் வங்கி 2013-லிருந்தே எச்சரித்து வந்ததும் உண்மை. ஆனால் பிட்காயினில் யாருக்கும் மாத வருமானம் சொல்லப்படவில்லை, ஆள் சேர்த்தால் கமிஷன் இல்லை, விலை இறங்கினால் வைத்திருப்பவருக்கு நஷ்டம். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அறியாத சந்தைகள் உலகெங்கும் உண்டு. அது நல்ல முதலீடா என்பது தனி விவாதம், நான் அதற்குள் போகவில்லை. நான் கேட்பது: உங்கள் காயினை, கம்பெனியின் ஆப்புக்கு வெளியே, கம்பெனியோடு தொடர்பில்லாத, மத்திய நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்த ஓர் எக்ஸ்சேஞ்சில் இன்று விற்று ரூபாயாகப் பெற முடியுமா? முடியாது என்றால் ஆப்பில் தெரியும் எண் விலையே அல்ல.

"பிளாக்செயினில் எல்லாம் திறந்து கிடக்கிறது, யாரும் ஏமாற்ற முடியாது" என்பது படித்த இளைஞர்களின் வாதம். திறந்து கிடப்பது உண்மைதான், அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன். டோக்கனின் முகவரியை டிரான்ஸ்கேன், பிஎஸ்சிஸ்கேன் போன்ற தளங்களில் இட்டால் மொத்தம் எத்தனை அச்சடிக்கப்பட்டன, யார் யார் வாலட்டில் எவ்வளவு என்று காட்டும். தொண்ணூறு சதவீதம் இரண்டு மூன்று வாலட்டில் குவிந்திருந்தால் அதன் விலை அவர்கள் விருப்பம். இப்படி ஒரு டோக்கனை உருவாக்க அரைமணி நேரமும் கொஞ்சம் கட்டணமும் போதும். முகவரியையே தர மறுத்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று பொருள். ஃபோர்சேஜ் திட்டத்தில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எல்லார் கண்முன்னும்தான் இருந்தது. புதியவர் போட்டதை முந்தியவருக்குப் பிரித்துக் கொடுப்பதை அது வெகு துல்லியமாகச் செய்தது. அதன் பேரில்தான் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2022-ல் வழக்குப் போட்டது.

அடுத்தது சான்றிதழ்கள். கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி எண், பான் கார்டு எல்லாவற்றையும் லேமினேட் செய்து காட்டுவார்கள். இவை நாங்கள் வாங்கித் தருகிற பதிவுகள்தான். எந்தத் தொழில் தொடங்கினாலும் கிடைக்கும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க இவற்றில் எதுவும் அனுமதி தருவதில்லை. 2022 பட்ஜெட்டில் 30 சதவீத வரியும் 1 சதவீத டிடிஎஸ்ஸும் வந்ததும் 'அரசே அங்கீகரித்துவிட்டது' என்றார்கள். சட்டவிரோதமாக வந்த வருமானத்துக்கும் வரி உண்டு. வரி விதிப்பது வேறு, சட்டப்பூர்வமாக்குவது வேறு என்று அப்போதே நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்று ஏற்றதையும் இப்போது மேடையில் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பு எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்த காயினுக்கு உரிமையாளரின் பாதுகாப்பைப் பற்றியது. ஆள் சேர்க்கும் திட்டத்துக்கு அதில் ஒரு வரியும் ஆதரவில்லை. சினிமா நட்சத்திரம் வந்தார் என்பதும் அப்படித்தான். 2022-ல் கோவையில் நட்சத்திரங்களோடு விழா நடத்தித் தொடங்கிய ஒரு காயின் நிறுவனத்தின் பேரில் புதுச்சேரி சைபர் கிரைம் போலீஸ் 2025-ல் கைது நடவடிக்கை எடுத்தது.

'டைரக்ட் செல்லிங் சட்டப்படி சரிதானே' என்ற வாதத்துக்குப் பதில் அந்த விதிகளிலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டத்தையும் பணச்சுழற்சித் திட்டத்தையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. பொருள் விற்றதற்குத்தான் கமிஷன், ஆள் சேர்த்ததற்கு இல்லை. 2019-ம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம், பணமாகவோ பொருளாகவோ சேவையாகவோ திருப்பித் தருவதாக வாங்கும் தொகையை டெபாசிட் என்கிறது. ஆகவே 'நாங்கள் காயின்தான் தருவதாகச் சொன்னோம்' என்று நழுவுவது கடினம். இவற்றையெல்லாம்விட மக்கள் அறிந்திருக்க வேண்டியது 1978-ம் ஆண்டின் பணச்சுழற்சித் தடைச் சட்டம். நடத்துபவர் மட்டுமல்ல, உறுப்பினராகச் சேருவதும் பங்கெடுப்பதும் அதன்படி குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. மேலே இருப்பவர்கள் இதைச் சொல்லியே கீழே இருப்பவர்களை மிரட்டுகிறார்கள்: "புகார் குடுத்தா நீயும் உள்ள போவ." லைனில் பத்துப் பேரைச் சேர்த்தவர் இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறார். அவர் வாயை மூடிக்கொள்வதால்தான் திட்டம் இன்னும் ஆறு மாதம் ஓடுகிறது.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் போய்ச் சொல்கிறவரின் சொல்லுக்கு உள்ள மதிப்பு பிடிபட்ட பின் சொல்கிறவருக்கு இல்லை. பணம் பேங்க் வழியே போய் அதிக நேரம் ஆகவில்லை என்றால் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும், போன கணக்கை முடக்க அப்போதுதான் வாய்ப்பு. பழைய தொகை என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவு. 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொத்தை முடக்கவும் ஏலம்விடவும் அங்கிருந்துதான் வழி. கர்நாடக எல்லைக்குள் நடந்தது என்று யாரும் திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. போகும்போது பிளான் பேப்பர், மீட்டிங் அழைப்பு, வாட்ஸ்அப் குரூப் பதிவுகள், வாலட் முகவரி, டிரான்ஸாக்‌ஷன் ஹேஷ், ரொக்கம் கொடுத்த நாளும் இடமும் ஆளும் எழுதிய தாள், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஆப் 'வெர்ஷன் டூ' மாறுகிறது, புதிய காயினுக்கு ஸ்வாப் ஆகிறது, கேஒய்சி மறுபடி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்த நாளே பழைய திரைகளைப் படம் எடுத்துவிட வேண்டும், மறுநாள் அந்த எண்கள் அங்கே இருக்காது. இழந்த காயினை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று டெலிகிராமில் வருகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் பல நேரம் முதலில் ஏமாற்றியவர்களிடமிருந்தே அவர்களுக்குப் போகிறது.